அடியான் எங்கே போனான்?

அப்துர் ரஹ்மான் என்று பெயர் சூட்டப்பெற்ற பிள்ளை நம் வீடுகளில் எத்தனை நாள் அப்துர் ரஹ்மானாக இருக்கிறான்? பள்ளிக்கூடம் போகுமுன்பே 'ரஹ்மான்' ஆகிவிடுகிறான். 'அப்து' என்றால் அடியான்; 'அர்ரஹ்மான்' அளவற்ற அருளாளனின் திருநாமம். அடியானை உதிர்த்துவிட்டு, ஆண்டவனின் பெயரால் மனிதனை அழைக்கிறோம். "ரஹ்மானுக்குக் காய்ச்சல்" என்று கூசாமல் சொல்லவும் செய்கிறோம்!

தென்னரபு ஹிம்யர் நாட்டுக் கல்வெட்டுகளில் இஸ்லாத்துக்கு முன்பே 'ரஹ்மானான்' என இறைவன் குறிக்கப்படுகிறான். மக்கத்துக் குறைஷியருக்கோ அச்சொல் உவக்கவில்லை. கி.பி. 628-இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் தலைப்பில் 'ரஹ்மான்' இடம்பெறுவதை ஸுஹைல் இப்னு அம்ரு மறுத்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் பழைய பெயர் அப்து அம்ரு. மக்காவிலும் மதீனாவிலும் ஒருவர் உடைமையை மற்றவர் காப்பதென்று உமையா இப்னு கலஃபுடன் அவர்கள் ஒப்பந்தம் எழுதியபோது, ரஹ்மானைத் தான் அறியேன் என்று உமையா பிடிவாதம் பிடித்தான். அந்தத் தாளில் பழைய பெயரே எழுதப்பட்டது. உலகம் நினைவில் வைத்திருப்பதோ புதிய பெயரை.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானுமே என்பது நபிமொழி. கி.பி. 756-இல் குர்துபாவில் அரசு நிறுவிய உமையா இளவரசரும், 929-இல் அங்கே கலீஃபாவாகத் தம்மை அறிவித்துக்கொண்ட அவர் வழித்தோன்றலும் அப்துர் ரஹ்மான்களே. அரியணையில் இருந்தவர்களுக்கும் 'அடியான்' என்னும் சொல் பாரமாகப் படவில்லை.

எல்லாப் பெயரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. கரீம், ரஹீம் என்பவை மனிதருக்கும் பொருந்தும். திருமறையே நபிகள் நாயகத்தை (ஸல்) 'ரஹீம்' என்று வருணிக்கிறது. 'ரஹ்மான்' அப்படியன்று, அது அவனுக்கு மட்டுமே உரியது. அன்பினால் சுருக்குகிறோம், எண்ணத்தில் குற்றமில்லை என்பீர்கள். உண்மைதான். ஆயினும் சுருக்கத் துணிந்த நாவு, எப்போதும் அடியானையே ஏன் தேர்ந்து வெட்டுகிறது? கடவுச்சீட்டிலோ பெயர் இரண்டாகப் பிளந்து, 'அப்துல்' மட்டும் தனித்து நிற்கிறது. யாருடைய அடியான் என்பது அங்கே விடுபட்டுப் போகிறது.

எங்கள் வீட்டிலும் ஓர் அப்துர் ரஹ்மான் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டியார் அவனை "அப்து, அப்து" என்றே கூப்பிடுவார். அது பெயரே அன்று என்று சொல்லி, படித்த நாங்கள்தாம் அவரைத் திருத்தினோம்.