கதையும் மெய்ப்பொருளும்

மெய்ப்பொருளைக் கதை வாயிலாக உணர்த்துதல் தகுமோ என்னும் வினா அறிஞரிடை நெடுநாளாக நிகழ்ந்து வருவதாம். "கதை செவிக்கு இனியது, அறிவைத் தெளிவிப்பதன்று. கேட்போன் உருகிய பொழுதில் ஆராயும் ஆற்றலை இழக்கின்றான். இழந்தானை ஈர்த்தல் வயப்படுத்தலாவதன்றி உணர்த்தலாகாது" என்பர் ஒருசாரார். "சாத்திரம் ஓதுவார் சிலரே, கதை கேட்பார் பலர். ஆதலின் எவ்வாறேனும் கதை சொல்லி உருக்குதலே சாலும்" என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டனுள் எது கொள்ளற்பாலது என்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண் சாத்திரத்தையே நோக்குவாம். சிவஞானபோதத்துள் ஒவ்வோர் அதிகரணமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் அமைந்திருத்தல் கற்றார் அறிந்ததே. பிரமாணமும் இலக்கணமும் கூறும் 6 சூத்திரங்களையும் கடந்து, சாதனம் கூறுமிடத்து, 8-ஆம் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் ஓர் உவமை வைத்தார். மன்னவன் மகன் ஒருவன் வேடரிடை வளர்ந்து, தன்னை வேடனென்றே எண்ணியிருந்தான். உண்மை உணர்த்தப்பட்டபின் அவரை விட்டு நீங்கித் தந்தையை அடைந்தான் என்பது அதன் உட்கிடை. அஃது உவமையாயினும் கதையேயன்றோ? உயிர் உடம்பின் வேறென்பதை ஏதுவால் நிறுவலாம். ஆயின், 'வேடரிடைத் திரிபவன் யானே' என ஒருவன் தன்னைக் கண்டுகொள்ளுதல் ஏதுவினால் மட்டும் நிகழ்வதன்று. பிறன் ஒருவனைப் பற்றிக் கேட்குங்கால், அவன் தானே என்னும் உணர்வு உள்ளத்தே தோன்றல் வேண்டும். அத்தோற்றத்தைப் பயப்பதே கதையின் தொழில். ஆகவே கதை மெய்ப்பொருட்குப் புறம்பானது என்னும் முதற்கூற்று நில்லாது.

இனி இரண்டாங் கூற்றை நோக்குவாம். அநபாய சோழன் சிந்தாமணிக் கதையில் ஈடுபட்டிருந்தகாலை, அமைச்சராகிய சேக்கிழார் பெருமான் அவனைத் திருத்தொண்டர் வரலாற்றின்பால் திருப்பினார் என்பது வழிவழி வரும் செய்தி. கதையை விலக்கக் கதையையே அவர் கருவியாகக் கொண்டார். நம்பியாரூரர் 11 பாசுரங்களில் தொகுத்ததும், நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுத்ததும் அவர் திருவாக்கில் 4,000-க்கு மேற்பட்ட செய்யுட்களாக விரிந்தன. எனவே விரித்தல் தானே குற்றமன்று. எதுகாறும் விரிக்கலாம், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்பதே வினா. இதன்கண் யாம் இழைத்த பிழையொன்றை மறையாது கூறுதல் நன்றென எண்ணுகின்றோம்.

பல்லாண்டுகட்கு முன், ஓரூர்த் திருக்கோயிலின் முன்னிட்ட பந்தரில் திருநாளைப்போவார் வரலாற்றைச் சொற்பொழிவாற்றினோம். தில்லை செல்ல விடை கேட்ட நந்தனாரை ஆண்டையாகிய வேதியர் கடிந்ததும், பெருநிலத்தை உழுது பயிரேற்றிய பின்னரே செல்லெனக் கட்டளையிட்டதும், ஓரிரவிலே பயிர் விளைந்து நின்றதும் எல்லாம் விரித்துரைத்தோம். கேட்டார் கண்ணீர் பெருக்கினர். யாமும் எம் சொல்வன்மையை எண்ணி மகிழ்ந்தோம். கூட்டங் கலைந்தபின் முதியவர் ஒருவர் அணுகி, "ஐயா, அவ்வேதியர் சேக்கிழார் வாக்கில் எங்குளர்?" என வினவினார். யாம் நாணி, "கேட்டார் உருகினாரன்றோ?" என்றோம். அவர், "உருகினோம், மெய்தான். அவ்வேதியர்மேற் சினந்தே உருகினோம். நந்தனார் குலத்தார் இப்பந்தர்க்கு வெளியே பனியில் நின்று கேட்டனர். அவரை ஒருவரும் திரும்பிப் பார்த்திலோம்" என்றார்.

அச்சொல் எம்மை உறங்கவொட்டிற்றில்லை. வேதியராகிய ஆண்டையும் அவர்தம் கட்டளையும் கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வருவனவேயன்றிப் பெரியபுராணத்தில் உள்ளனவல்ல. சேக்கிழார் காட்டும் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் தமக்குரிய மானிய நிலத்தால் வாழ்ந்தவர். திருக்கோயிற் பேரிகைகட்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு புரிந்தவர். 'நாளைப் போவேன்' என அவர் நாட்கழித்தது ஒரு கொடியோன் தடுத்தமையாலன்று. தம் பிறப்பு நோக்கி உலகம் வகுத்த எல்லையை எண்ணியேயாம். கதையிற் கொடியோன் ஒருவன் நின்றால் குற்றமெல்லாம் அவன் தலைமேல் ஏறும். கேட்போர் தூயராய் இல்லம் புகுவர். அங்ஙனம் ஒருவனும் இல்லாவிடத்து, 'தடுத்தவர் யாவர்?' என்னும் வினா கேட்போரை நோக்கியே திரும்பும். யாம் சேர்த்த சுவை அவ்வினாவை விழுங்கிவிட்டது.

அற்றேல், பாரதியார் செய்தது தவறோவெனின், அன்று. நிலவுடையார்க்கு அடிமைப்பட்டு உழுவார் படும் துயரைப் பாமரரும் உணரப் பாடியது அவர்தம் நூல். அந்நூலின்கட் குற்றமுளதெனக் கருதிச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் உடன்படாத மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் பின்னர் அதன் பாடலைக் கேட்டு உருகி அளித்தனர் என்பர். அவர் தாம் இயற்றியதைத் தமதாகவே வழங்கினார். யாமோ அவர் கூற்றைச் சேக்கிழார் கூற்றாக வழங்கினோம். பிழை எம்முடையதே.

மறுநாள் இரவு அவ்வரலாற்றையே மீண்டும் எடுத்து, முன்னாட் கூறியவற்றுள் இன்னவை சேக்கிழார் வாக்கல்ல என அவையறியக் கூறினோம். "அங்ஙனமாயின் நந்தனாரைத் தடுத்தவர் யாவர்?" என வினவி, விடை கூறாது அமைந்தோம். ஒருவரும் அழுதிலர். சிறிது நேரம் அவை வாளா இருந்தது. பின் அம்முதியவர் எழுந்து சென்று, வெளியே நின்றாரை உள்ளே வந்தமருமாறு அழைத்தார். சிலர் வந்தனர். உள்ளிருந்தாருட் சிலர் முகஞ்சுளித்து எழுந்து போயினர். கதை தன் தொழிலைச் செய்தது அன்றே என யாம் தெளிந்தோம்.

இவற்றாற் போந்த பொருள் யாதெனின்: கதை எடுத்துக்காட்டின் இடத்தது, மேற்கோளையும் ஏதுவையும் விட்டுத் தனித்து நிற்குமாயின், எப்பொருட்கும் ஏவலாளாய்ப் பொய்யையும் நிறுவும். விரித்துரைப்பான், இது நூலிலுள்ளது, இது யாம் கூட்டியது எனப் பிரித்துக் காட்டக் கடவன். கேட்போர் கண்ணீர் எப்பக்கம் பாய்கின்றதென்பதையும் அவன் நோக்குதல் வேண்டும். பிறனைச் சினந்து பெருகுங் கண்ணீர் ஆணவத்தை வளர்க்கும். தன்னைக் கண்டு நாணிப் பெருகுவதோ அதனைத் தேய்க்கும். மடங்களிலும் திருக்கோயில்களிலும் புராணம் விரிக்கும் அன்பர்கள் இதனை உளங்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.