அறியாமல் வாங்கிய கம்பளம்

புலால் மறுத்தலைப் பற்றிக் கூறும்போது திருவள்ளுவர் ஒரு வணிக உண்மையைச் சுட்டிக் காட்டுகிறார். உண்பதற்கென வாங்குவோர் இல்லாவிடில், விலைக்காகக் கொல்வோரும் இல்லாமற் போவர் என்பது அவர் கருத்து. கத்தியைத் தொடாதவனுக்கும் அச்செயலில் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு தூரம் நீளும்? வாங்குபவன் வேறொரு கண்டத்தில் இருந்தால்? செய்தவன் யாரென்றே அவனுக்குத் தெரியாவிட்டால்?

கைலாஷ் சத்யார்த்தியின் வாழ்க்கைப் பணி இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது. 1954-இல் மத்தியப் பிரதேசத்தின் விதிஷாவில் பிறந்து, மின் பொறியியல் கற்றவர் அவர். சாதியைக் குறிக்கும் பெயரை நீக்கி, உண்மையை நாடுபவர் என்று பொருள்படும் பெயரை ஏற்றார். 1980-இல் ஆசிரியப் பணியைத் துறந்து, கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளை மீட்பதையே தம் வாழ்வாகக் கொண்டார். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே ஒழித்திருந்தது, ஏட்டளவில்!

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் வட்டாரங்கள் கம்பளங்களுக்குப் பெயர் பெற்றவை. ஏற்றுமதியாளர் நூலையும் வடிவமைப்பையும் ஒப்பந்தக்காரரிடம் தருவார். அவர் கிராமத்துத் தறி உரிமையாளரிடம் ஒப்படைப்பார். தறியில் அமர்ந்த சிறுவர்களில் பலர் பீகாரிலிருந்து தரகர்களால் அழைத்து வரப்பட்டவர்கள். பெற்றோர் கையில் ஒரு சிறு தொகை முன்பணம். பிள்ளையின் நெஞ்சில் கம்பளித் தூசு. முடிந்த கம்பளம் கடல் கடந்து செல்லும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவருக்கும் அடுத்திருப்பவரை மட்டுமே தெரியும். எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேட்காமல் இருந்தாலே போதும்.

தந்தை விரும்பித்தானே அனுப்பினார் என்று சிலர் வாதிடலாம். ஆனால் 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசி கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

வேதாந்தம் அறியாமையை ஒரு சமாதானமாக ஏற்பதில்லை. பந்தத்தின் வேரே அது என்கிறது. மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்து, காரணத்தை வினவாமல் வாங்குபவனின் அறியாமை அவனுக்கு ஆதாயமும் தருகிறது. அதனைக் குற்றமின்மை என்று கொள்வது கடினம்.

ஒரு சிறுவனைத் தறியிலிருந்து மீட்டால், அந்த இடத்தில் இன்னொருவனை அமர்த்துவது எளிது. முற்றாகப் புறக்கணித்தாலோ நேர்மையான நெசவாளரின் அடுப்பும் அணைந்துவிடும். எனவே 1994-இல் ‘ரக்மார்க்’ முத்திரை உருவாயிற்று. 2009 முதல் அதன் பெயர் ‘குட்வீவ்’. ஒவ்வொரு கம்பளத்திலும் எண்ணிட்ட சீட்டு இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு நெய்த தறியையே கண்டறியலாம். பரிசோதகர்கள் முன்னறிவிப்பின்றிச் செல்வர். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் தறிகள் எல்லாவற்றையும் நாள்தோறும் காண எவராலும் இயலாது என்பது உண்மையே. ஆயினும், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வசதியை அந்த எண் வாங்குபவனிடமிருந்து பறித்துவிட்டது. சத்யார்த்தியின் பணிகளில் இதுவே மிக நுட்பமானது எனலாம்.

1998-இல் அவர் முன்னின்று நடத்திய உலகப் பேரணி பல கண்டங்களைக் கடந்து ஜெனிவாவில் முடிந்தது. மறு ஆண்டே குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களைத் தடைசெய்யும் 182-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்றது. 2014-இல் மலாலாவுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். 2020-இல் அவ்வமைப்பின் உறுப்பு நாடுகள் அனைத்தும் அந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்துவிட்டன. ஆயினும் 2021-இல் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தோர் 2 கோடியே 76 லட்சம் பேர் என்பது அதே அமைப்பின் மதிப்பீடு. கம்பளத்திற்கு அமைந்தது போன்ற எண் பெரும்பாலான பொருள்களுக்கு இன்னும் இல்லை.