திண்ணையும் உத்தரமும்

திண்ணை எவருக்கு உரியது? பத்திரத்தில் வீட்டுக்காரன் பெயரே இருக்கும். ஆயினும் வெயிலுக்கு ஒதுங்குபவனும், கூடையை இறக்கி வைக்கும் கீரைக்காரியும் எவரையும் கேளாமல் அமரும் இடம் அது. முதலாழ்வார் மூவர் மழையிரவில் சந்தித்ததும் திருக்கோவலூரில் ஓர் இடைகழியிலே என்பர், உள்வீட்டில் அன்று.

சென்ற கோடையில் விடுப்பெடுத்துக் கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். பூட்டிய வீட்டின் திண்ணையோரம் பெயர்ந்திருந்தது. இரண்டு நாள் வேலை என எண்ணிக் கொத்தனாரை அழைத்தேன். அவர் பூச்சைத் தட்டினார், வேலை வளர்ந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசப்பட்டிருந்தது. சுண்ணாம்புக் காரை தான் வாங்கிய ஈரத்தை மெல்ல வெளிவிடும். சிமெண்டோ அதனை உள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தை நாடி வந்த கரையான், சுவரோடு ஒட்டிய தூண் வழியே உத்தரம்வரை ஏறியிருந்தது. வெளியே வண்ணம் பளபளத்தது. உளியை வைத்தால் உள்ளே மண். உறுதியாயிருக்கட்டும் என்று 9 ஆண்டுகளுக்கு முன் பணம் அனுப்பிச் சிமெண்டு பூசச் செய்தவன் நானேதான்.

நாகபுரியிலிருந்து வந்திருந்த தமையனார், "பேசாமல் பூசிவிடடா, நாமா இங்கே குடியிருக்கப் போகிறோம்?" என்றார். அவரைக் குறை கூறேன். மகனின் கல்லூரிக் கட்டணம் அவருக்கு அம்மாதமே காத்திருந்தது. ஆனால் அவர் சொன்ன காரணமே என்னைத் தடுத்தது. தன் தலைக்குமேல் உளுத்த உத்தரத்தை வைத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டென்றே கொள்வோம். அமர்பவர் வேறொருவர், அறிந்தவன் நான் ஒருவன் என்றால்? நேற்றுவரை அது என் அறியாமை. இன்று பூசினால் அதற்குப் பெயர் வேறு.

இரும்புக் கம்பியழி வைத்துத் திண்ணையை அடைத்துவிடலாம் என்றொரு வழியும் இருந்தது. செலவு குறைவு, எவருக்கும் ஆபத்தில்லை. அந்த எண்ணத்தில் ஓர் இரவு முழுதும் கிடந்தேன். காலையில் கீரைக்காரி வழக்கம்போல் வந்து, பெயர்ந்த சுவரைப் பார்த்துவிட்டு, "எப்போ முடியும் சாமி?" என்றாள். அடைக்க மனம் வரவில்லை.

சேமநல நிதியில் கடன் வாங்கினேன். ஓடுகளை இறக்கினோம்; கைமரங்கள் சிலவும் மாறின. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் அகப்பட்டது எங்கள் நற்பேறு. இரண்டு நாள் வேலை ஐந்து வாரமாயிற்று.

புறப்படும் நாளில் கொத்தனார், "பின்கட்டிலும் அதே சிமெண்டுதான். தட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். "அடுத்த விடுப்பில்" என்றேன். அங்கே எவரும் அமர்வதில்லை என்று ரயிலில் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டு வந்தேன்.