குலத்தொழிலும் மறுக்கும் உரிமையும்

தந்தையின் தொழிலை மைந்தன் ஏற்பது அறமா, தளையா? சண்டிலிப்பாயில் சுண்ணக்கல் வீடுகளை எழுப்பிய குடும்பங்களில் உளியும் முழக்கோலும் தலைமுறைதோறும் கைமாறின. அத்திறன் பெருஞ்செல்வமே. எனினும் பிறப்பே தொழிலை விதித்த சமுதாயத்தில் மறுக்கும் உரிமை மைந்தனுக்கு இருக்கவில்லை.

கடல்கடந்த சான்றொன்று நோக்கத்தக்கது. அமெரிக்கக் கறுப்பினத்தவரான மக்கிசக் குடும்பத்தின் மூதாதை, அடிமையாயிருந்து கட்டடத்தொழில் பயின்றார். அவருடைய பேரன் 1905 இல் நாஷ்வில் நகரில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1983 இல் கணவர் நோயுற, ஆசிரியராயிருந்த மருமகள் லியாட்ரிஸ் தலைமையேற்று அதனைக் காத்தார். முன்னோர்மீது சுமத்தப்பட்டதைப் பின்னோர் விரும்பி ஏற்றமையாலேயே அது குடும்பச் சொத்தாயிற்று.

மைந்தன் மறுத்தால் கலை அழியுமே எனின், திறன் குருதியில் ஊறுவதன்று. விரும்பி வரும் அயலார் பிள்ளைக்கும் அதனைக் கற்பிக்கலாம். வேறுவழி திறந்திருக்கையில் ஏந்தும் உளியே மரபு. அடைபட்டிருக்கையில் அது விலங்கு.