விளையாட்டும் பந்தயப் பணமும்



ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கிக் கொண்டிருந்தேன். மஹல்லாவைச் சேர்ந்த பிள்ளையொருவன் கிரிக்கெட் மட்டையும் கையுமாகத் தயங்கி நின்றான். "ஹஜ்ரத், பக்கத்துத் தெரு டீமுடன் மேட்ச் ஆடுகிறோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடுகிறோம். ஜெயித்தவர்களுக்கு மொத்தப் பணமும். இது கூடுமா?" என்று கேட்டான்.

"கூடாதப்பா" என்றேன். அவன் முகம் வாடி விட்டது. அந்த வாரம் கூட்டாளிகள் ஆட, அவன் மட்டும் ஓரமாய் நின்றான் என்று கேள்விப்பட்டதும் என் மனம் உறுத்தியது. ஏனெனில் மதரஸா விடுமுறைகளில் நானும் இப்படிப் பணம் வைத்து ஆடியவன்தான். தோற்ற ஒரு நாள் உயிர் நண்பனோடு மூண்ட சண்டையில், மாதக் கணக்கில் ஸலாம்கூடச் சொல்லாமல் இருந்தேன்.

விளையாட்டு மார்க்கத்திற்கு விரோதமானதல்ல. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதலில் அன்னையார் முந்தினார்கள். பின்னொரு சமயம் நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அதற்கு இது ஈடாகி விட்டது என்று வேடிக்கையாகக் கூறினார்கள்.

தோல்வியை ஏற்கும் பண்பையும் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை வேறெதுவும் முந்தியதில்லை. கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்கள் வருந்தினார்கள். நாயகமோ, உலகில் உயர்ந்த எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று சொல்லித் தேற்றினார்கள். தோற்றவர் முகம் சுளிக்கவில்லை. வென்றவரை எவரும் ஏசவுமில்லை.

இந்த அழகு எங்கே கெடுகிறது? பணம் நுழையும் இடத்தில்! ஆடுவோர் அனைவரும் பணம் போட்டு, வென்றவர் அதை எடுத்துக் கொள்வது சூது. மதுவையும் சூதையும் விலக்கும் திருமறை, அதன் காரணத்தையும் சொல்கிறது. அவற்றின் மூலம் நம்மிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டவும், இறை நினைவை விட்டும் தொழுகையை விட்டும் நம்மைத் தடுக்கவும் ஷைத்தான் விரும்புகிறான் (5:90, 91). நண்பனுக்கு ஸலாம் மறுத்த என் கதை இதற்குச் சாட்சியல்லவா?

பெரிய மைதானங்களிலும் இதே கதைதான். 2010 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் முஹம்மது ஆமிர், பணத்துக்காக வேண்டுமென்றே 'நோ பால்' வீசினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு! அல்லாஹ் தந்த அபாரத் திறமை இருந்தும், ஐந்தாண்டுத் தடையும் 2011 நவம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் வந்து சேர்ந்தன. அவருடைய கேப்டனும் சிறை சென்றார். வழிகாட்ட வேண்டிய மூத்தவரே வழி தவறினால் இளையவர் யாரைப் பார்த்துத் திருந்துவார்? ஆமிர் குற்றத்தை ஒப்புக் கொண்டார். தடைக் காலம் முடிந்து 2016இல் அதே லார்ட்ஸில் மீண்டும் ஆடினார். திருந்துகிறவருக்குக் கதவு அடைபடுவதில்லை.

பெற்றோர்களே! பிள்ளை ஆடி விட்டு வந்ததும் "ஜெயித்தாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நேர்மையாக ஆடினாயா? மஃரிப் தொழுதாயா?" என்றும் கேளுங்கள். கையில் கூடுதலாகக் காசு இருந்தால் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். ஆடுபவர்கள் அல்லாத வேறொருவர் பரிசளிக்க முன்வந்தால், அதன் சட்ட விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மறு வாரம் நானே மைதானத்துக்குப் போய், என் பழைய கதையை ஒளிக்காமல் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். பந்தும் வலையும் வாங்கப் பொதுவில் காசு சேர்ப்பது சூதல்ல என்றும் விளக்கினேன். இரண்டு டீம்களும் தமக்குள் பேசி, சேர்ந்திருந்த பணத்தில் பந்துகள் வாங்கிக் கொண்டன. ஓரமாய் நின்றவன்தான் அன்று முதல் பந்தை வீசினான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், உள்ளத்துக்கு நேர்மையையும், கைகளுக்கு ஹலாலையும் தந்தருள்வானாக! ஆமீன்.