பேசாப் பிள்ளையின் நோவு

"அழட்டும், பிள்ளைதானே! நாளை மறந்துவிடும்." காது குத்தும் வீட்டிலும் இதே பேச்சு, மருத்துவமனை வாயிலிலும் இதே பேச்சு. அறியாதார் மட்டுமா இப்படி எண்ணினர்? ஆன்றோரும் எண்ணினர், அறிவியலாரும் எண்ணினர்!

சிதம்பரத்தின் ஆயிரங்கால் மண்டபத்திலே அரங்கேறியது பெரியபுராணம் என்பர். அதிலே சிறுத்தொண்டர் கதை உண்டு. அடியாருக்குக் கறி சமைக்கப் பெற்ற மகனையே அரிய முற்படுகிறார் தந்தை. கால்களை இடுக்கிப் பிடிக்கிறாள் தாய். பெற்றோர் மகிழ்கின்றனர் என்றெண்ணிச் சிரிக்கிறதாம் பிள்ளை! அந்தச் சிரிப்பைப் பாடியவர், பிள்ளையின் நோவைப் பாடினாரில்லை.

புராணந்தானே என்று தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? இயலாது, தோழர்களே! 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் மெய்ப்பிக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்து, 1985இல், அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் குறைமாதக் குழந்தை ஒன்றின் நெஞ்சைத் திறந்தனர். அசையாதிருக்க மருந்து தந்தனர், நோகாதிருக்கத் தரவில்லை! நரம்பு முதிரவில்லை, அழுகை வெறும் அனிச்சைச் செயல், மயக்க மருந்தோ உயிருக்கு ஆபத்து என்பது அந்நாளைய மருத்துவர் பலரின் முடிவு.

அம்முடிவை உடைத்தது ஆய்வு. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்சுபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்தும் உடனிருந்தோரும் 1987இல் காட்டினர்: நோவு தணிக்கும் மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் குறைவாகவே பதறியது, அறுவைக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைந்தன. மறந்துவிடும் என்ற வாதமும் நிற்கவில்லை. பிறந்தவுடன் மருந்தின்றி நுனித்தோல் நீக்கப்பட்ட குழந்தைகள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசியின்போது கூடுதலாகத் துடித்ததை 1997இல் டொராண்டோ ஆய்வாளர்கள் கண்டனர். மனம் மறந்தாலும் நரம்பு மறக்கவில்லை!

வழி இல்லையா? உண்டு. பிள்ளையை உறங்கவைத்த பின், முதுகெலும்பின் அடிமுனையில் உள்ள சிறு திறப்பின் வழியே மரக்கச் செய்யும் மருந்தை எடைக்கேற்பச் செலுத்துவர். குடலிறக்கம் போன்ற கீழ்வயிற்று அறுவைகளில், பிள்ளை கண்விழித்த பின்னும் சில மணி நேரம் நோவு தெரியாது. 1933இலேயே மெரிடித் காம்பெல் என்ற அமெரிக்கர் குழந்தைகளிடம் இம்முறையைக் கையாண்டு எழுதினார். கருவி இருந்தது, கருத்துத்தான் பிந்தியது!

மருந்தில் ஆபத்தே இல்லையா? உண்டு. அளவு பிழைத்தால் இதயமே தடுமாறும். ஆதலால் தேர்ந்த கையும் விழித்த கண்ணும் வேண்டும். ஆபத்து, கவனத்தைக் கூட்டுதற்குக் காரணம். நோவை மறுத்தற்குக் காரணமன்று.

ஆக, அறம் எது? துன்பத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பைத் துன்புறுவோன் தலையில், அதுவும் பேச வாயில்லாதான் தலையில், ஏற்றலாகாது. நோகாது என்போனே, கத்தியை ஏந்தியோனே, மெய்ப்பிக்கட்டும்! ஐயமிருப்பின், நோகும் என்றே கொள்வோம். சேரியின் நோவும், பெண்ணின் நோவும் இப்படித்தானே "பழகிவிட்டது" என்று மறுக்கப்பட்டன?

சிதம்பரத்திலே 1985இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று அரசினுடையது. கடலூரிலும் அரசு மருத்துவமனை உண்டு. அங்கே பிள்ளையைத் தூக்கிவரும் உழவனும் மீனவனும் கேட்கத் தயங்குவர். நாம் உடன் செல்வோம், பணிவாக, தெளிவாகக் கேட்போம்: "அறுவைக்குப் பின் பிள்ளைக்கு நோகாதிருக்க என்ன செய்வீர்கள், ஐயா?"

கேள்வி சிறிது. கேட்க இயலாதவனுக்காகக் கேட்பதே பகுத்தறிவு!