மினி பேருந்தும் ஒப்புரவும்

பெரிய பேருந்து திரும்ப இடமில்லாத, திரும்பினாலும் ஆள் சேராத ஊர்களுக்கென்று தமிழ்நாட்டில் வந்தது மினி பேருந்து. 1997-இல் இதற்காகத் தனித் திட்டம் வகுக்கப்பட்டு, பெரும்பகுதி பேருந்து வசதியே இல்லாத சாலைகளில், மொத்தம் 20 கி.மீ. வரை ஓட்டத் தனியாருக்குப் பர்மிட் கொடுக்கப்பட்டது. ஒன்றிரண்டு வண்டிகளே வைத்திருக்கும் உரிமையாளருக்கு இது பிழைப்பு. வழியிலுள்ள ஊர்களுக்கோ பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் இந்த வண்டிதான். கட்டணம் வாங்கி, லாபம் பார்த்து நடத்தும் ஒரு தொழிலை அறம் என்று சொல்லலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இதை ஆராயத் திருக்குறளில் ஒரு நல்ல இடம் உண்டு. வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் பிரித்து வைத்தார். ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்வதில் தானாக விளையும் உதவி. ஒப்புரவாளனின் செல்வத்துக்கு அவர் காட்டும் உவமைகள் நீர் நிறைந்த ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரமும். ஊருணியில் தண்ணீர் எடுப்பவர் யாரிடமும் கையேந்தவில்லை; அந்த ஊரில் இருப்பதாலேயே அவருக்கு அதில் பங்கு உண்டு. டிக்கெட் எடுத்து மினி பேருந்தில் ஏறும் மூதாட்டியும் அப்படித்தான். அவர் தலைகுனிய வேண்டியதில்லை. கட்டணம் வாங்குவதால் அறம் குறைவதில்லை. ஏறுபவரின் மதிப்பை அந்தக் கட்டணமே காக்கிறது.

உவமை ஓரிடத்தில் இடிக்கும். ஊருணியை மழை நிரப்பும், வண்டிக்கு டீசல் விலை கொடுத்துத்தான் ஊற்ற வேண்டும். இரவுக் கடைசி நடையில் நான்கு பேர் மட்டும் இருந்தால், கடைசி ஊர் வரை போவது நஷ்டம். பாதியிலேயே திருப்பிவிடலாம் என்ற எண்ணம் வருவது அங்கேதான். வள்ளுவர் இதற்கும் இடம் விட்டு வைக்கவில்லை: கை சுருங்கிய காலத்திலும் ஒப்புரவில் தளரக் கூடாது என்கிறார், அதனால் கேடு வந்தால் தன்னை விற்றாவது அந்தக் கேட்டை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். கடுமையான சொல்தான். ஆனால் அது தன்னை விற்பது பற்றிய பேச்சு. நஷ்டத்தை ஓட்டுநர், நடத்துநர் பேட்டாவில் பிடிப்பவருக்கு அந்தக் குறள் துணை நிற்காது.

பர்மிட் என்பதும் வெறும் அனுமதிச் சீட்டு ஆகாது. ஒரு சாலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அந்தச் சாலையின் கடைசி வீட்டையும் சேர்த்தே ஊர் ஒப்படைக்கிறது. அதிகாலையில் கண்ணாடி மேலுள்ள பிள்ளையாருக்கோ, வேளாங்கண்ணி மாதாவுக்கோ, நாகூர் தர்கா படத்துக்கோ வணக்கம் வைத்துத்தான் முதல் நடை கிளம்புகிறது. அந்த வணக்கத்தின் மறுபாதி கடைசி நடையில் இருக்கிறது.

அதற்காக முழுச் சுமையையும் சிறு உரிமையாளர் தலையில் வைப்பது நியாயமாகாது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் செலவை அரசு ஏற்கிறது. மினி பேருந்துக்கு அப்படி ஒரு கை இல்லை. காலப்போக்கில் பல வழித்தடங்கள் நின்றுபோயின. 2025-இல் வந்த புதிய திட்டம் தூரத்தை 25 கி.மீ. ஆக்கி, அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து போகாத சாலையாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆள் குறைந்த நடைகளின் நஷ்டத்தில் அரசும் ஒரு பங்கு ஏற்க வேண்டும். ஏற்றபின் கடைசி ஊருக்குப் போகாமல் திரும்பும் வண்டியின் பர்மிட்டை ரத்து செய்ய வேண்டும்.